நீதவானின் மேசைக்கு அருகே ஒரு நாற்காலி

"சந்தேகநபர்கள் மன்னார் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர்." பத்திரிகைகளில் இந்த வாக்கியம் எத்தனையோ முறை அச்சாகியிருக்கிறது. சந்தேகநபர் யார், குற்றம் என்ன, அடுத்த தவணை எப்போது என்பதையெல்லாம் விசாரித்து எழுதுகிறோம். அந்த 'நீதவான்' எவ்வழியாக அந்த ஆசனத்துக்கு வந்தார், அங்கே அவருக்குத் துணை யார் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி என்பதால் இன்று எழுதுகிறேன்.

மன்னார் நீதவானின் மேசைக்கு வருபவை சில்லறை வழக்குகள் மட்டும் அல்ல. தலைமன்னார்க் கடலில் எல்லை தாண்டியதாகக் கைதாகும் இராமேசுவரம் மீனவர்கள் அங்கேதான் கொண்டுவரப்படுகிறார்கள். இழுவைமடியைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டுப் படகுகள் பற்றிய 2018ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றோடு, இரு நாடுகளின் உறவும் அந்தச் சிறிய மன்றுக்குள் வந்துவிடுகிறது. ஒருபுறம் கூலிக்குக் கடலுக்கு வந்த ஏழைத் தொழிலாளி. மறுபுறம் வலையை இழந்த மன்னார் மீனவன். இருவர் பேசுவதும் தமிழ்தான்.

2018 மார்ச்சில் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக வெட்டிய மண்ணிலிருந்து மனித எலும்புகள் வெளிவந்தன. அகழ்வு முழுவதும் மன்னார் நீதவான் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடைபெற்றது. சிறுவர்களுடையவை உட்பட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019இல் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடம் கரிமக் காலக்கணிப்புச் செய்து, அனுப்பப்பட்ட மாதிரிகள் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று அறிக்கை தந்தது. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்தினர் தரப்பில் அந்த முடிவு கேள்விக்குள்ளாக்கப்பட்டது. கதிரியக்கக் கரிமத்தின் கணக்கும், மண்படைகளின் வரிசையும், பிள்ளையைத் தேடும் தாயின் கண்ணீரும் ஒரே மேசையில் குவிந்தன. இத்தகைய விடயங்களைச் சட்டக் கல்வி முழுமையாகக் கற்பிப்பதில்லை.

அதற்கு முன், 2012 ஜூலை 18ஆம் திகதி அந்த நீதிமன்றமே கல்லெறிக்கு உள்ளானது. மீன்பிடித் துறையொன்றைப் பற்றிய பிணக்கில் எழுந்த கொந்தளிப்பு நீதிமன்ற வளவு வரை வந்தது. நாடெங்கும் சட்டத்தரணிகள் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள்.

இவ்வளவையும் சுமக்கும் நீதவானுக்கு யார் துணை? பதிவாளர் இருக்கிறார், இலிகிதர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்க்கும் முதலியார் இருக்கிறார். பதிவேடும் கோப்பும் திகதியும் அவர்களது பொறுப்பு. ஆனால், "இந்தப் பிரிவுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன பொருள் கொண்டது என்று தேடித் தாருங்கள்" என்று நீதவான் கேட்கக்கூடிய, சட்டம் படித்த உதவியாளர் ஒருவர் அங்கே இல்லை. பகலில் விசாரணை, இரவில் தனியே தேடல், விடிந்தால் கட்டளை. இதுதான் நடைமுறை.

இலங்கையில் நீதிபதியாவதற்கு மூன்று வாசல்கள் உண்டு. தமிழகத்து அன்பர்களுக்காக ஒரு குறிப்பு: நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதை நாங்கள் மேல் நீதிமன்றம் என்போம். எங்கள் உயர் நீதிமன்றம் உங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது.

முதல் வாசல் நீதிச்சேவை. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் அடங்கிய நீதிச்சேவை ஆணைக்குழு, சட்டத்தரணிகளிலிருந்து நீதவான்களைத் தெரிவு செய்கிறது. அங்கிருந்து படிப்படியாக ஏறவேண்டும். சி. வி. விக்னேஸ்வரன் 1979இல் நீதிச்சேவையில் சேர்ந்து, மட்டக்களப்பு, சாவகச்சேரி, மல்லாகம் எனப் பணியாற்றி, 2001இல் உயர் நீதிமன்றத்தை அடைந்தார். இரண்டாவது வாசல் சட்டமா அதிபர் திணைக்களம். 2015 முதல் 2017 வரை பிரதம நீதியரசராக இருந்த க. ஸ்ரீபவன் அங்கே அரச சட்டவாதியாகத் தொடங்கியவர். மூன்றாவது வாசல் தனியார் சட்டத்தொழில். 1984 முதல் 1988 வரை பிரதம நீதியரசராக இருந்த சு. சர்வானந்தா அவ்வழி வந்தவர்.

முதல் வாசலால் வருவோருக்கே பாதை நீளமானது. வயதெல்லையும் அவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது. மேல் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 61. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63. உயர் நீதிமன்றத்தில் 65. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பரில் தீர்ப்பளித்த மூவர் அமர்வில் இருந்தவர் மா. இளஞ்செழியன். அதே ஆண்டு ஜூலையில் நல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவரது மெய்ப்பாதுகாவலர் உயிரிழந்தார். அந்த அமர்வின் தலைவர் பா. சசிமகேந்திரன் பின்னர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். இளஞ்செழியன் 2025 ஜனவரியில் 61 வயது நிறைந்து மேல் நீதிமன்ற நீதிபதியாகவே ஓய்வு பெற்றார். ஏணியின் அடிப்படியில் எத்தனை வயதில் கால் வைக்கிறோம் என்பது உச்சியில் எவ்வளவு முக்கியமாகிறது பாருங்கள்.

அமெரிக்காவில் நான்காவது வாசல் ஒன்று உண்டு. அதை வாசல் என்பதைவிடத் திண்ணை என்பது பொருந்தும். சட்டப் படிப்பை முடித்த இளைஞர் நீதிபதியிடம் ஓராண்டோ இரண்டாண்டோ 'லா கிளார்க்' ஆக இருப்பார். பெயர்தான் கிளார்க்; வேலை இலிகிதர் வேலை அன்று. மனுக்களைப் படித்துச் சுருக்குவது, முன்தீர்ப்புகளைத் தேடுவது, வரைவு எழுதுவது, நீதிபதியோடு வாதிடுவது. 1882இல் ஹோரஸ் கிரே என்ற நீதியரசர் தம் சொந்தப் பணத்தில் ஓர் இளைஞரை அமர்த்தியதிலிருந்து அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இவ்வழக்கம் தொடங்கியது. இன்று அங்குள்ள ஒன்பது நீதியரசர்களில் அறுவர் அதே நீதிமன்றத்தில் ஒரு காலத்தில் கிளார்க்காக இருந்தவர்கள். கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன், தாம் உதவியாளராக இருந்த பிரையரின் இடத்துக்கே 2022இல் நீதியரசராக வந்தார்.

இந்தியாவிலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு இத்தகைய உதவியாளர்கள் உண்டு. 2025 மே 20ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற விதியை மீண்டும் கொண்டுவந்தபோது, நீதிபதியிடம் உதவியாளராக இருந்த காலத்தையும் அந்த அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நீதிபதியின் அருகே இருந்து கற்பதும் தொழிற்பயிற்சியே என்ற ஏற்பு அது.

இம்முறையில் குறையும் உண்டு. அமெரிக்காவில் பெயர்பெற்ற சில சட்டக் கல்லூரிகளின் பிள்ளைகளே இவ்விடங்களைப் பெரிதும் நிரப்புகிறார்கள். மேலும், உதவி குவிந்திருப்பது உச்சியில். வாஷிங்டனில் ஒரு நீதியரசருக்கு நான்கு உதவியாளர்கள். அவர் முன் வரும் வழக்கோ ஏற்கெனவே பல நீதிபதிகள் அலசிய வழக்கு. மன்னார் நீதவான் முன் வருவது யாரும் தொடாத பச்சை வழக்கு. பிடிபட்டவர் முதன்முதலில் நிற்பதும், எலும்பு முதன்முதலில் காட்டப்படுவதும் அவர் முன்னிலையில்தான். முதல் கட்டளையில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்த மேல்மன்றங்களில் ஆண்டுகள் கழியும். ஆகவே உதவியாளர் முதலில் தேவைப்படுவது அடிமன்றத்தில்; கொழும்பில் அன்று, மன்னாரில்.

மொழியும் ஒரு காரணம். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நீதிமன்ற மொழி. ஆனால் வழக்கு மேன்முறையீட்டுக்குக் கொழும்பு சென்றால் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. தமிழில் பரீட்சை எழுதும் உரிமை காக்கப்பட்டது, நல்லதே. ஆனால் தமிழில் படித்த மன்னார்ப் பிள்ளை ஆங்கிலத் தீர்ப்புகளை எங்கே, யாரிடம் பழகுவது? நீதிபதியின் அருகே இரண்டாண்டு அமர்ந்து, ஆங்கில முன்தீர்ப்பைத் தமிழில் சுருக்கித் தரும் பயிற்சியைவிடச் சிறந்த பள்ளி வேறு எது?

சிறிய ஊரில் இரகசியம் நிற்குமா, எல்லோரும் எல்லோருக்கும் உறவாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நீதவான்களுக்கு இடமாற்றம் இருப்பதுபோல உதவியாளரையும் வெளிமாவட்டத்தில் அமர்த்தலாம். மன்னார்ப் பிள்ளை திருகோணமலைக்கும், யாழ்ப்பாணப் பிள்ளை மன்னாருக்கும் போகட்டும். தெரிவை நீதிச்சேவை ஆணைக்குழுவே செய்யட்டும்; அந்தக் காலத்தை நீதிச்சேவைக்கான தகுதியில் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு மன்றுக்கு ஓர் இளைஞரின் சம்பளம், இன்னொரு நாற்காலி, செலவு இவ்வளவே.

சதொச புதைகுழி வழக்கை மன்னாரில் கையாண்ட நீதவான்களில் ரி. சரவணராஜாவும் ஒருவர். பின்னர் முல்லைத்தீவு நீதிபதியாகக் குருந்தூர்மலை வழக்கை விசாரித்த அவர், உயிர் அச்சுறுத்தலும் மன அழுத்தமும் காரணம் என்று குறிப்பிட்டு 2023 செப்டெம்பர் 23ஆம் திகதியிட்ட கடிதத்தோடு பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். அரச தரப்பு அவரது குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஓர் உதவியாளர் இருந்திருந்தால் அச்சுறுத்தல் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தேவை வேறு காவல். ஆனால் ஒரு நீதிபதி எழுந்து போகும்போது, அந்த வழக்கை அருகிருந்து அறிந்த இளைய சட்டத்தரணி ஒருவர்கூட எஞ்சுவதில்லை. அடுத்து வருபவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். புதைகுழி வழக்குகளில் தவணை தவணையாக வந்து காத்திருக்கும் தாய்மாருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க அவர்களிடம் காலம் இல்லை.