தில்லை மரத்தைத் தேடிப் படகில்...

ஆருத்ரா தரிசனத்திற்கும் ஆனித் திருமஞ்சனத்திற்கும் தவறாது சிதம்பரம் செல்லும் அன்பர்கள் மயிலாப்பூர் மாட வீதிகளில் பலர் உண்டு. 'தில்லையம்பலம்' என்று சொல்லாமல் அவர்களுக்கு ஒரு பொழுதும் கழியாது. ஆனால், 'தில்லை மரத்தைக் கண்ணால் கண்டிருக்கிறீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சற்றுத் திகைப்பர். காரணம் எளிது. தலத்திற்கே பெயர் தந்த அந்த மரம் இன்று சிதம்பரம் நகரில் இல்லை.

நம் கபாலீச்சரத்தில் அந்தக் குறை கிடையாது. புன்னை மரம் கண்முன்னே நிற்கிறது. அதன் நிழலில் அம்பிகை மயிலாய் இருந்து பூசித்த புன்னைவனநாதரை வலம் வந்து வணங்கலாம். தில்லை வனத்தைக் காண வேண்டுமாயின், சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, கிள்ளையைக் கடந்து, பிச்சாவரத்தில் படகேற வேண்டும்.

மாலை வேளைகளில் கோயிலில் சந்திக்கும் நாங்கள் 11 பேர் சென்ற மார்கழிக்குப் பின் இந்த யாத்திரையை மேற்கொண்டோம். அனைவரும் 60-ஐக் கடந்தவர்கள். மூத்தவர் 79 வயது மாமி ஒருவர், முழங்கால் வலியுடையவர். முதல் நாள் எழும்பூரிலிருந்து ரயிலில் சென்று சிதம்பரத்தில் தங்கினோம். மறுநாள் காலை ஸ்படிக லிங்க அபிஷேகம் கண்டு, சிற்சபேசனையும் கோவிந்தராஜப் பெருமாளையும் ஒருங்கே தரிசித்தோம். பிறகு நகரின் வடபால் உள்ள தில்லைக்காளி சந்நிதிக்குச் சென்றோம். ஆடலில் தோற்ற அன்னை ஊர் எல்லையில் வந்து அமர்ந்த இடம் அது. 13-ஆம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் எழுப்பிய கோயில்.

அங்கேயே ஒரு சிறு வாக்குவாதம் எழுந்தது. எங்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், "சுவாமி தரிசனம் ஆயிற்று. இனிப் படகுச் சவாரி எதற்கு? அது உல்லாசப் பயணிகளுக்கு உரியது" என்றார். நியாயமான கேள்விதான். மாமி பதில் சொன்னார்: "வியாக்ரபாதரும் பதஞ்சலியும் ஆனந்த நடனத்தைக் கண்டபோது இங்கே ஏது கோபுரம்? காடுதானே இருந்தது! அந்தக் காட்டில் மிஞ்சியதை ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?" ஆசிரியர் மேற்கொண்டு பேசாமல் வேனில் ஏறிக்கொண்டார்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பு. அதனுள் 50-க்கும் மேற்பட்ட திட்டுகள். திட்டுகளுக்கு இடையே கணக்கற்ற வாய்க்கால்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்தச் சேற்று நிலத்தில்தான் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் வளர்கின்றன. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போது கண்டல் மரங்களை மறவாது குறித்தது ஏன் என்பது இங்கு வந்தால் விளங்கும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் இயந்திரப் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. நாங்கள் துடுப்புப் படகுகளையே நாடினோம். இயந்திரப் படகு அகன்ற நீர்வழிகளில் விரைந்து செல்லும். ஆனால் மரங்கள் இருபுறமும் கவிந்து கூரை வேய்ந்தாற்போல் நிற்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் அதனால் நுழைய இயலாது. உயிர்காப்பு உடையை அணிந்து, படகோட்டியும் அவருடைய உதவியாளும் இருபுறமும் கைத்தாங்கலாகப் பிடிக்க, மாமி முதலில் இறங்கி அமர்ந்தார்.

கால் மணி நேரத்தில் ஊரின் ஓசை அடங்கிவிட்டது. துடுப்பு நீரில் படும் ஒலி, நீர்க்காகத்தின் சிறகடிப்பு, இவை தவிர வேறொன்றும் இல்லை. சுரபுன்னையின் வேர்கள் தண்டிலிருந்து வில்போல் வளைந்து நீருக்குள் இறங்குகின்றன. வெண்கண்டலின் வேர்களோ சேற்றிலிருந்து மேல்நோக்கி, எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் அவ்வேர்கள் வெளியே வந்து சுவாசிக்கின்றன. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிடுகிறது. பச்சை ஈட்டி போல் நீண்டு, முற்றியதும் விழுந்து சேற்றில் குத்தி நிற்கிறது. அல்லது நீரில் மிதந்து சென்று வேறொரு திட்டில் வேர்விடுகிறது. கருவிலே காத்துப் பிறகு உலகில் விடும் தாயின் செயல் அது. வெண்கண்டலின் இலையைத் தொட்ட விரலை ஒருவர் நாவில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியேற்றிவிடுகிறது.

தில்லை மட்டும் கண்ணில் படவில்லை. அது நீரின் நடுவே வளர்வதன்று. மண் சற்று மேடான கரையோரங்களையே விரும்புவது. படகோட்டி ஒரு வளைவில் துடுப்பை நிறுத்திக் கை காட்டினார். நடுத்தர உயரம், பளபளக்கும் இலைகள், அவற்றினிடையே ஆங்காங்கே உதிரும் தறுவாயில் செந்நிறம் பூண்ட இலைகள். யாரும் சுட்டிக் காட்டாவிட்டால் கவனியாமலே கடந்துவிடுவோம். அத்தனை எளிய மரம்.

படகில் ஒரு கணம் எவரும் பேசவில்லை. பிறகு மாமி கையை நீட்டினார். நாலு இலை பறித்துக்கொண்டால் வீட்டில் நடராஜர் படத்திற்குச் சாத்தலாமே என்பது அவருடைய ஆசை. படகோட்டி பதறிவிட்டார். "அம்மா, தொடாதீங்க! இலையைக் கிள்ளினா பால் வடியும். அது கண்ணுல பட்டா பார்வையே போயிடும்" என்றார். அவர் கூறியது உண்மை. தில்லையின் பால் கொடியது; தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். உலகின் பல கடற்கரைகளில் இம்மரத்தைக் குருடாக்கும் மரம் என்றே அழைக்கின்றனர். மாமி கையை மடக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே கைகூப்பினார்.

எனக்கு அப்போது வியாக்ரபாதரின் நினைவு எழுந்தது. வண்டு தீண்டாத மலரை இறைவனுக்குச் சாத்த விரும்பிய அம்முனிவர், பொழுது விடியுமுன் மரமேறுவதற்குப் புலிக்கால்களையும், இருளில் மலரைக் காண்பதற்குக் கால்களில் கண்களையும் வேண்டிப் பெற்றார் என்பது புராணம். பாலே நஞ்சாக உள்ள ஒரு வனத்தில், இருளில், வழுக்கும் மரங்களில் ஏறி மலர் கொய்வதற்குக் கண் எத்தனை அவசியம் என்பதை அந்த வளைவில்தான் நான் உணர்ந்தேன். பதஞ்சலியோடு சேர்ந்து அவர் ஆனந்த நடனத்தைக் கண்டது தைப்பூசத் திருநாளில் என்பர். மயிலையில் கபாலீசுவரர் தெப்பத்தில் எழுந்தருளுவதும் அந்நாளையொட்டியே.

இந்த வனம் இன்று இருப்பதே ஒரு மறுபிறவி எனலாம். ஆங்கிலேயர் காலம் முதல் இங்கு மரங்களைக் கூறு கூறாக வெட்டினர். வெட்டிய இடத்தில் நிலம் தாழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. பிறகு விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990-களில் நம் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஏற்ற இறக்க நீரைப் பள்ளங்களுக்குள் மீண்டும் பாயச் செய்தனர். உப்பு கழுவப்பட்டதும் வனம் திரும்பியது. படகிலிருந்தே அந்த வாய்க்கால்களைக் காணலாம்.

அதன் பயனை 2004 டிசம்பர் 26 அன்று உலகம் கண்டது. ஆழிப்பேரலை வந்தபோது, இவ்வனத்தின் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. கடலை நேரே நோக்கியிருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் பல உயிர்களை இழந்தன. அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் பிறகு உள்நிலத்திற்குக் குடிபெயர்ந்தன. மணல் திட்டை நெருங்கியதும் படகோட்டி இதைக் குறைந்த சொற்களில் கூறி முடித்தார். நாங்களும் மேலே கேட்கவில்லை. எங்களுள் இருவர் அமர்ந்தபடியே பஞ்சாட்சரம் ஜபித்தனர்.

2022-இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் வரிசையில், இடம்பெற்றது. அதே ஆண்டில் அவ்வரிசையில் சேர்ந்த மற்றொன்று நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அடையாற்றின் முகத்துவாரத்திலும் இத்தகைய திட்டுகள் உண்டு. அருகே 58 ஏக்கரைச் சீரமைத்து 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவில் அலையாத்தி மரங்களை நட்டு வளர்த்திருக்கின்றனர். ஆயினும் படகேறி வலம்வரும் நிலையில் அடையாறு இன்று இல்லை. மயிலைக்கு அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் மகாபலிபுரம் வரை படகில் சென்றதாகப் பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். அந்த நீரின் இன்றைய நிலையை நான் எழுத வேண்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பவர்கள் அறிவார்கள்.

கிள்ளைக்கு வேறொரு பெருமையும் உண்டு. தானே தோன்றிய வைணவத் தலங்கள் எட்டனுள் ஒன்றான ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள், மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். வழியில் கிள்ளை தைக்காலில் இசுலாமிய அன்பர்கள் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்வது தொன்றுதொட்ட வழக்கம். பூம்பாவைக்காகத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகத்தில் மயிலையின் மாசிக் கடலாட்டு விழாவும் இடம்பெறுகிறது அல்லவா? அதே நாள், அதே கடல்.

பிச்சாவரம் பாளையக்காரர்கள் தம்மைச் சோழர் வழியினர் என்று கூறிக்கொள்வர். தில்லையில் தீட்சிதர்கள் முடிசூட்டும் உரிமை அக்குடும்பத்திற்கு உண்டு என்பது மரபு. சோழருக்கன்றி வேறெவருக்கும் முடிசூட்ட மாட்டோம் என்று தில்லைவாழ் அந்தணர் மறுத்ததனால்தான், கூற்றுவ நாயனாருக்கு இறைவன் தன் திருவடியையே முடியாகச் சூட்டினான். இக்கதையை ஆசிரியரே படகில் விரித்துச் சொன்னார். அவருடைய எதிர்ப்பு எந்த வாய்க்காலில் கரைந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

செல்ல விரும்பும் மூத்தோருக்குச் சில குறிப்புகள். தை, மாசி மாதங்களே உகந்தவை. அப்போது வலசைப் பறவைகளும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் அச்சுறுத்தும். காலை வேளையில் செல்லுங்கள். அகன்ற நீர்ப்பரப்பில் நிழல் கிடையாது. படகில் குடை விரித்தால் காற்று இழுக்கும், தொப்பியோ தலைத்துண்டோ போதும். நீர் ஏறியிருக்கும் நேரத்தைத் துறையில் கேட்டறிந்து புறப்படுவது நல்லது. நீர் வடிந்தால் குறுகிய வாய்க்கால்களில் படகு தரைதட்டும். மணல் திட்டு வரை செல்வதாயின் படகு ஏறுமுன் கட்டணத்தையும் நேரத்தையும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கழிவறை வசதி கரையில் மட்டுமே. மருந்தும் குடிநீரும் கையில் இருக்கட்டும். வெற்றுப் புட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பூசைப் பூவை நெகிழிப் பையோடு நீரில் விடுவோரையும் அங்கே கண்டோம். அதை எந்தத் தெய்வம் ஏற்கும் என்று தெரியவில்லை.

காலை 9 மணிக்குத் துறையை அடைந்த நாங்கள் கரையேறியபோது பிற்பகல் 1 மணி. திரும்பும் வழியில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள திருவேட்களத்திற்குச் செல்ல எண்ணினோம். அருச்சுனன் பாசுபதம் பெற்ற தலம். தில்லைக்குள் இரவு தங்குவதற்கு அஞ்சிய சம்பந்தப் பெருமான் தங்கியிருந்த இடம். மாலை நடை திறக்கும் வரை வாயிலில் அமர்ந்திருந்தோம். மாமி தம் முழங்காலைத் தடவியபடியே, மாசி மகத்திற்குக் கிள்ளையில் தங்குவதற்கு வசதி உண்டா என்று வேன் ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.