முந்திரி உடைக்கும் கைகள்

முந்திரிக்கொட்டை உடைப்பதை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அந்த வேகம் மட்டும்தான் கண்ணில் படும். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். அங்கே ஒரு கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையைக் கல்லின் மேல் ஒருக்களித்து நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு இரண்டாகிவிடும். மெதுவாகத் தட்டினால் ஓடு பிளக்காது. முழுப்பருப்புக்குத்தான் விலை. 320 ரகம் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்க வேண்டும். கூலியோ கிலோ கணக்கு. அதனால் யாரும் தலை நிமிர்வதில்லை.

நான் அவர்களுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனிகள் கறுத்திருந்தன. ஓர் அம்மாவின் கட்டைவிரலில் பழைய தோல் பட்டையாகக் கிளம்பி, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது.

“எண்ணெ பட்டதும் ஒண்ணும் தெரியாது சார். ராத்திரிதான் எரியும். ரெண்டு நாள்ல கறுத்து உரிஞ்சிடும். அப்புறம் புதுசு வரும். அதுவும் போயிடும்” என்றார். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல். நாலைந்து கொட்டைக்கு ஒருமுறை விரலை அதில் புரட்டிக்கொள்கிறார்.

கொட்டையின் ஓட்டில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே துளைதுளையான பகுதி ஒன்று உண்டு. எண்ணெய் நிற்பது அங்கேதான். அதில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு இந்த வகையறாவைத் தெரியும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். பெயிண்டுக்கும் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் பயன்படுகிற சரக்கு இந்த ஓட்டு எண்ணெய். தோலில் பட்டால் சும்மா இருக்குமா?

அந்தப் புதுத்தோல் எப்படி வருகிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கைகளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. மேல்தோல் அடுக்கடுக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரத இழைகளாலான சட்டகம் ஒன்று இருக்கிறது. அதில் ஆக்டின் இழைகள் ஓயாமல் வளர்ந்தும் கரைந்தும் கொண்டிருப்பவை. காயத்தின் ஓரங்களிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து சந்திக்கும்போது, இந்த ஆக்டின்தான் செல் சவ்வை உள்ளிருந்து மெல்லிய நீட்சிகளாக வெளியே தள்ளுகிறது. எதிர்ச் செல்லும் அதையே செய்கிறது. இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல நீட்சிகள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்துகின்றன. உயிரியலாளர் எலைன் ஃபக்ஸின் ஆய்வுக்குழு 2000-ஆம் ஆண்டில் எலியின் தோல் செல்களில் இதைக் காட்டியது.

நீட்சிகளின் நுனியில் கேடெரின் என்னும் புரதம் திரள்கிறது. ஜப்பானியரான மசதோஷி டகெய்ச்சி 1980-களில் இனங்கண்ட புரதம் இது. கால்சியம் இருந்தால்தான் பற்றும். வெளியே கேடெரினைக் கேடெரின் பிடிக்கிறது. உள்ளே கேட்டனின் புரதங்கள் அதை ஆக்டினோடு சேர்த்துக் கட்டுகின்றன. இழுவிசை கூடினால் அவற்றில் ஒன்றான ஆல்ஃபா கேட்டனின் விரிந்து, வின்குலின் என்ற இன்னொரு புரதத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

ஆனால் கட்டை பிடிக்கும் கைக்கு அது மட்டும் போதாது. அடுத்ததாக டெஸ்மோசோம்கள் என்னும் வலுவான இணைப்புகள் செல்களுக்கு இடையே உருவாக வேண்டும். செல்லுக்குள் ஓடும் உறுதியான கெரட்டின் இழைகள் இவற்றில் வந்து முடிகின்றன; பக்கத்துச் செல்லின் கெரட்டினும் மறுபுறம் அதே இடத்தில் வந்து முடிகிறது. தேய்ப்பையும் அழுத்தத்தையும் தாங்குவது இந்தத் தொடர்தான். காயம் ஆறும்போது டெஸ்மோசோம்கள் பலவீனமாக இருக்கும், செல்கள் நகர வேண்டுமே. அவை முதிர்ந்து இறுகக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

அந்தக் காலம்தான் இந்தப் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. இறுகாத தோலோடு மறுநாள் காலை கொட்டகைக்கு வந்துவிடுகிறார்கள். மறுபடி எண்ணெய் படுகிறது. வீக்கத்தில் செல்களுக்கு நடுவே நீர் கோக்கிறது. டெஸ்மோசோம்கள் முடிந்தவரை இழுத்துப் பிடிக்கின்றன, பிறகு விட்டுவிடுகின்றன. கொப்புளம் எழுகிறது.

“ரேஷன் கடை மெஷின்ல ரேகையே விழ மாட்டேங்குது” என்றார் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண். ரேகை என்பதும் இதே மேல்தோலின் மேடு பள்ளம்தானே.

கையுறை போடுவதில்லையா என்று கேட்டேன். தடித்த கையுறை போட்டால் கொட்டையின் நிற்பு விரலுக்குத் தெரிவதில்லையாம். பருப்பு உடைகிறது, கூலி குறைகிறது. அதை நான் சாக்காக நினைக்கவில்லை. விரல்நுனியின் உணர்வுதான் இந்தத் தொழிலின் கருவி. கொட்டையை ஆவியில் வேகவைத்து, கையும் காலும் கொண்டு இயக்கும் வெட்டு மெஷினில் பிளக்கிறவர்களுக்குத் தொல்லை குறைவு, ஆனால் எண்ணெய் அங்கேயும் விடுவதில்லை.

மெல்லிய, எண்ணெய் ஊடுருவாத கையுறை, வேலைக்கு முன் தடவ விளக்கெண்ணெய், கை புண்ணானால் கூலியோடு சில நாள் ஓய்வு. இவ்வளவுதான் தேவை. இதற்கான செலவை உடைக்கிறவர்களின் கூலியில் கழிக்காமல் பருப்பின் விலையில் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்திரி வாங்கும் நாம் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முடியாதவர்கள் இல்லை.