பெயர்ப் பிழை

சென்ற விடுமுறையில் நண்பர் சிலருடன் மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் ஓர் ஓடைக்கரை வழியே சென்றேன். ஈரங்கசியும் பாறையொன்றின் நிழலில், மிளகு போன்ற உடலும் மயிரிழை போன்ற எட்டு நெடுங்கால்களும் உடைய சிற்றுயிர்கள் பல நெருங்கி நின்று அசைந்தாடின. அவற்றுள் ஒன்று என் கைம்மீது ஏறிற்று. “நச்சுச் சிலந்தி!” எனக் கூவி, அதன் கால்களுள் மிக நீண்டதொன்றைப் பற்றி இழுத்தெறிந்தேன். உயிர் ஓடி மறைந்தது. கால் மட்டும் என் விரலிடையே துடித்துக்கொண்டிருந்தது.

உடன்வந்த விலங்கியல் மாணவர் நகைத்து, “அது சிலந்தியுமன்று, அதனிடம் நஞ்சுமில்லை,” என்றார். சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட தமிழ் மாணவனாகிய யான் நாணித் தலைகுனிந்தேன்.

கல்லூரிக்கு மீண்டதும் அவ்வுயிரைப்பற்றிக் கற்கலானேன். ஆங்கிலேயர் இதனை அறுவடைக்காரர் எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். 1833-இல் சுவீடன் நாட்டு அறிஞர் சுண்டேவால் இவ்வினத்துக்கு ‘ஓபிலியோனிஸ்’ எனப் பெயரிட்டார். மேய்ப்பனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர்.

சிலந்தியும் இதுவும் எண்காலி வகுப்பைச் சார்ந்தனவே. ஆயினும் வேற்றுமை பெரிது. சிலந்திக்கு ஒடுங்கிய இடையுண்டு. இதற்கோ முன்னுடலும் வயிறும் இணைந்து ஒரே மணிபோல் தோன்றும். சிலந்திக்குப் பெரும்பாலும் கண்கள் எட்டு. இதற்கு முதுகின்மேல் உள்ள சிறு மேட்டில் இரண்டே. சிலந்தி நூல் நூற்கும். இரையை நீராக்கி உறிஞ்சும். இதற்கு நூலுமில்லை, நஞ்சுமில்லை; உணவைச் சிறு துண்டுகளாகவே விழுங்க வல்லது. பகைவரை விலக்க நாற்றநீர் சுரக்கும் சுரப்பிகள் இரண்டு உண்டு. அவையும் உதவாவிடில், பற்றப்பட்ட காலைக் கழற்றிவிட்டு ஓடும். அவ்வாறு கழன்ற கால் மீண்டும் முளைப்பதில்லை.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. மேலும் படித்தேன். இரண்டாம் இணைக் கால்களே பெரும்பாலும் யாவற்றினும் நீண்டவை. பார்வை மங்கிய அவ்வுயிர் அவற்றால் தடவியே வழியும் உணவும் அறியும். யான் பறித்தது வெறுங்காலன்று. ஏறக்குறைய ஒரு கண்ணைப் பறித்தேன்.

இன்று 6,600-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டு, சைபோப்தால்மி, யூப்னோய், டிஸ்ப்னோய், லேனியடோரிஸ் என நான்கு உள்வரிசைகளில் வைக்கப்பட்டுள்ளன. முதல் வகையின குறுங்காலுடையனவாய், உண்ணியை ஒத்த தோற்றத்தோடு மண்ணில் மறைந்து வாழ்வன. யான் கண்ட நெடுங்காலி யூப்னோயைச் சார்ந்தது. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊரருகே கிடைத்த இக்குலத்தின் கல்லெச்சம் ஏறக்குறைய 41 கோடி ஆண்டு பழைமையது. அத்துணைத் தொன்மைக் குலத்தை வகுப்பதில் அறிஞரும் இடறினர். ஜெர்மானியராகிய ரோவெர் 1923-இல் உலகத்து இனங்களையெல்லாம் ஒரு பெருநூலில் தொகுத்தார். ஆயினும், காலின் நுனிக்கணுக்களை எண்ணுதல் போன்ற சில அடையாளங்களையே மிகுதியும் நம்பியமையால், அவர் வகுத்த பேரினங்கள் பலவற்றைப் பின்வந்தோர் கலைத்து மாற்ற நேர்ந்தது. அவர் பிழை ஏட்டில் திருத்தப்பட்டது. என் பிழை திருத்தப்படுமாறில்லை. அவ்வுயிர் உள்ளளவும் ஒரு கால் குறைந்தே நடக்கும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்தார். எறும்பையும் நண்டையும் அவர் உற்று நோக்கியன்றோ அவற்றுக்கு இடம் வகுத்தார்! அதனைத் தேர்வுக்காகப் பன்முறை மனனம் செய்த யான், கைம்மேல் வந்த உயிரை ஒரு கணமும் நோக்கவில்லை. ஆதியிலே ஆண்டவர் உயிர்களை ஆதாமிடம் கொண்டுவந்தது, அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்க்கும்படியே என வேதம் கூறும். அன்று என்னிடமும் ஓர் உயிர் வந்தது. யான் இட்ட பெயர் பொய்யாயிற்று.

மீண்டும் அம்மலைக்குச் செல்ல நேரின், அப்பாறையருகே கைநீட்டிச் சற்றே அசையாது நிற்பேன்.