விறைப்பு என்னும் சொல்

கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு மருத்துவபீடத்துக்குச் செல்லும் மாணவி ஒருத்தியின் வெள்ளைக் கோட்டுப் பை, முன்னைய தலைமுறையினரின் பையைப்போலப் புடைத்திருப்பதில்லை. குமார்-கிளார்க் என்னும் தடித்த மருத்துவ நூலும் மருந்தளவுக் குறிப்பேடும் அவளது கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன. மெட்ஸ்கேப் செயலியில் மருந்தொன்றின் பெயரை எழுதினால், அதன் அளவும் பக்கவிளைவும், எந்த மருந்தோடு அது முரண்படும் என்பதும் நொடியிற் புலனாகின்றன. பஸ்ஸில் நெரிபட்டு நின்றபடியே படிக்கலாம். கற்பதும் ஆங்கிலம், செயலியும் ஆங்கிலம். ஆதலின் குறையொன்றும் தோன்றுவதில்லை, நோயாளி வாய்திறக்கும் வரை.

நோயாளர் விடுதியொன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிற் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். இருபது வருட நீரிழிவுக்காரர். அவரை விசாரிக்கும் பொறுப்பு அவளது சிங்களத் தோழனுக்குரியது. “கால் விறைப்பு” என்றார் மூதாட்டி. அவன் அச்சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியொன்றில் இட்டான். மூட்டு இறுகி மடங்காதிருத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வந்தது. அதையே குறித்துக்கொண்டு முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தான். அவனைக் குறைகூற முடியாது. அகராதியில் அப்பொருளும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தார் ‘விறைப்பு’ என்பது பெரும்பாலும் உணர்ச்சி மரத்தலையே.

அவ்வழியே வந்த மாணவி கட்டிலருகே நின்றாள்.

“அம்மா, நடக்கேக்கை செருப்புக் கழண்டு போறது தெரியாமல் போகுதோ?”

“ஓம் பிள்ளை. போன கிழமை மார்க்கற்றடியிலை ஒற்றைச் செருப்போடை நிண்டனான். ஆரோ சொல்லித்தான் தெரியும்.”

நீரிழிவு நெடுநாள் நீடித்தால் நரம்புகள் நலியும். நலிவு முதலிற் பாதத்திலேயே தொடங்கும். நோவு தெரியாத காலிற் பட்ட காயம் கவனிப்பாரின்றிப் பழுத்து, ஈற்றிற் காலையே எடுக்கவேண்டிய நிலை வரலாம். மாணவி பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். குதிக்காலில் ஒரு புண். அது இருப்பதே மூதாட்டிக்குத் தெரியாது. பத்துக் கிராம் அழுத்தந் தரும் நைலோன் இழையால் விரல்நுனிகளைத் தொட்டபோதும் அவர் அசையவில்லை.

இச்சங்கடம் புதிதன்று. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன், தாம் முதலிலே தமிழைக் கற்றார். பின்னர் மாணவருக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என நூல்கள் வெளிவந்தன. அவற்றின் கலைச்சொற்கள் இன்று கரடுமுரடாகப் படலாம். எனினும் நோயாளியின் மொழியிலேயே வைத்தியனும் சிந்திக்கவேண்டும் என்ற அவரது பிடிவாதம், நமது செயலிகளை ஆக்குவோருக்கு இன்னும் எட்டவில்லை. அவை மருந்தின் பெயர்களை அறியும். நோவின் பெயர்களை அறியா.

அன்று பகல் உணவுச்சாலையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர். தோழன் தன் கைத்தொலைபேசியில் ‘விறைப்பு’ என்பதைச் சிங்கள எழுத்திலே பதிந்து, எதிரே ‘ஹிரிவெட்டீம’ என்று குறித்தான். அடுத்த சொல் ‘உளைவு’. குத்தும் எரிவும் அன்று, வேறொரு நோவு என்றாள் மாணவி. அதற்கு நேரான சிங்களச் சொல் அவளுக்கும் வரவில்லை. கொட்டாஞ்சேனையிலுள்ள தாயாரைத் தொலைபேசியில் அழைத்தாள்.