அண்ணன் ஓட்டிய ஃபியட்



போன வாரம் நான் போட்ட பழைய ஃபியட் கார் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள். "டீச்சர், கார் பளபளன்னு இருக்குது. இடது பக்கக் கதவை மட்டும் ஏன் அப்படியே விட்டுட்டீங்க? பெயிண்ட் பத்தலையா?" என்று ஒரு பையன் கேட்டிருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது வயது இருக்கும். பெயிண்ட் பத்தாமல் இல்லை கண்ணு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அது என் பெரியண்ணனின் கார். 1966 மாடல் ஃபியட் 1100, 'டிலைட்' என்பார்கள். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. பின்னாளில் ஊரெல்லாம் ஓடிய பிரீமியர் பத்மினி இதன் வாரிசுதான். 1089 சி.சி. என்ஜின், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன், 1971-ல் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். குடும்பத்தோடு கோயில் குளம் போகத்தான் என்று வீட்டில் சொன்னார். உண்மையில் வாங்கியது சோழவரத்துக்காக.

சோழவரம் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போருக்குப் பின் அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயங்கள் நடத்தியது. கிளப் தொடங்கியது 1953-ல். இருங்காட்டுக்கோட்டையில் தனியாகத் தடம் வரும்வரை, நம் பக்கத்தில் பந்தயம் என்றாலே சோழவரம்தான். வசதி உள்ளவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களோடு வருவார்கள். மற்றவர்கள் ரோட்டில் ஓடும் ஃபியட்டையும் ஹெரால்டையுமே கொண்டுவருவார்கள்.

இப்படிக் கடையில் வாங்கிய காரையே பந்தயத்தில் ஓட்டுவதற்கு அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயர். ஸ்டாக் என்றால் கடையில் இருப்பு உள்ள சரக்கு, அவ்வளவுதான். அங்கே நாஸ்கார் என்ற அமைப்பு 1948-ல் தொடங்கியது. அடுத்த வருடம் தொடங்கிய ஒரு தொடருக்கு 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' என்றே பெயர் வைத்தார்கள். ஆரம்ப கால ஓட்டுநர்கள் சிலர், கள்ளச்சாராயம் கடத்தும்போது போலீசுக்குப் பிடிகொடுக்காமல் ஓட்டிப் பழகியவர்கள். வருடம் போகப்போக ஒவ்வொருவரும் கைவைத்து மாற்றி, இன்றைக்கு அந்தக் கார்களில் கடைச்சரக்கு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. பந்தயக் காரின் குணமே அதுதான். கம்பெனி செய்தது பாதி, ஓட்டுகிறவன் செய்தது பாதி.

நம் கோவைக்கு இந்தக் கைவைக்கும் குணம் புதிதல்ல. ஜி.டி. நாயுடு ஐயா இளம் வயதில் சம்பாதித்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றிப் பார்த்துப் படித்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். பிற்காலத்தில் கரிவர்தன் வந்தார். மாருதி என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் நம்ம ஊர்தான். அவிநாசி ரோட்டில் ஜி.டி. பெயரில் கார் அருங்காட்சியகமே இருக்கிறது.

பெரிய மனிதர்களுக்குத் தடமும் அருங்காட்சியகமும் இருக்கிறது. கணபதியில் லேத் ஓட்டிய மனிதருக்கு என்ன இருக்கிறது? ஓட்டுச் சாளையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஃபியட் இருந்தது.

அண்ணன் சோழவரத்துக்கு மூன்று முறை போனார். காரை லாரியில் ஏற்றிப்போக வசதி ஏது? ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அதையே ஓட்டிக்கொண்டு போவார். டிக்கியில் ஸ்பார்க் பிளக், காண்டாக்ட் பாயிண்ட், ஃபேன் பெல்ட், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அங்கே போய்ப் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்தில் ஓட்டுவார். முடிந்ததும் சீட்டை மாட்டிக்கொண்டு அதே காரில் ஊர் திரும்புவார். பரிசு ஒன்றும் வாங்கவில்லை. ஒருமுறை வளைவில் சறுக்கி ஓரத்து டிரம்மில் இடித்து, பின்பக்க மட்கார்டில் ஒரு ஒடுக்கு வாங்கி வந்தார். கதவில் 37 என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காரில் போய் இறங்குவதில் எனக்கு அத்தனை பெருமை.

2004-க்குப் பிறகு கார் ஓடவில்லை. 2019-ல் அண்ணன் காலமானார். 2022 தைப்பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது, அண்ணன் மகனும் என் மகனும், "அப்பா காரை எழுப்பிரலாம்", "மாமா காரை எழுப்பிரலாம்" என்று ஒரே குரலில் கிளம்பினார்கள். பட்டறையை இப்போது நடத்துவது அண்ணன் மகன். என் மகன் பெங்களூரில் வேலை. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று கணக்கு. முடிய மூன்று வருடம் ஆனது.

எனக்குக் கொடுத்த வேலை எழுத்து வேலை. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நம்பர் போட்டு, எந்த இடம், எந்தத் தேதி என்று நீள நோட்டில் பதிந்தேன். இருபது வருடம் நின்ற என்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக் துவாரங்களில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் கழித்துத்தான் கிராங்க் அசைந்தது. சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். வயரிங் முழுக்க எலி தின்றிருந்தது. தரைத்தகடு கைவிரல் பட்டாலே உதிர்ந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்தார்கள். பிரேக் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை அரித்துவிடும் என்பதால், பெட்ரோல் போகும் டியூப் அத்தனையும் தாங்கக்கூடிய ரகமாக மாற்ற வேண்டியிருந்தது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து கதவுக் கைப்பிடியும் ஹெட்லைட் வளையமும் தேடினார்கள். முலாம் பூசக் கொடுத்த முன் கிரில்லை ஒரு பட்டறையில் தொலைத்தே விட்டார்கள். வேறொன்று கிடைக்க எட்டு மாதம்.

இதெல்லாம் உழைப்பு, உழைத்தால் முடிந்துவிடும். முடியாமல் இழுத்தது ஒரு வாக்குவாதம்.

என் மகன் கம்பெனியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும் என்றான். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருடம் கடந்த வண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். "ஒடுக்கெல்லாம் எடுத்து ஒழுங்கா பண்ணுனா கண்காட்சிக்குக் கொண்டுபோலாம், மச்சான்" என்பது அவன் கட்சி. அண்ணன் மகனோ, அப்பா லேத்தில் கடைந்து போட்ட அலுமினியக் கியர் குமிழைக்கூட மாற்ற விடமாட்டேன் என்றான். இரண்டு ஞாயிறு பேச்சுவார்த்தையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இடது கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மேலே இருந்த பச்சை போனது, அடியில் கிரீம் நிறம் வந்தது, அதில் மங்கலாக 37 தெரிந்தது. கூப்பிட்டுக் காட்டினார்கள். கார் பழசானதால் அண்ணன் நிறம் மாற்றினார் என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

என் நங்கை, அதாவது அண்ணனின் மனைவி, கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உன்ற கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காருதான்னு முடிவாச்சு அம்மிணி. நம்பர் போட்ட காருல மாப்பிள்ளைய உக்கார வெக்கறதான்னு பெயிண்ட் அடிச்சாரு. சோழவரத்துக்குச் சேத்தி வெச்ச காசும் உன்ற கல்யாணத்துக்கே போயிருச்சு. அப்பறம் அவரு அந்தப் பக்கமே போகுல."

1982-ல் நடந்தது. நாற்பது வருடம் அண்ணனும் சொல்லவில்லை, நங்கையும் சொல்லவில்லை. அந்தக் காரில்தான் என் வீட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்கு வந்து இறங்கினார். என்னால் அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுத முடியவில்லை.

பையன்கள் இருவரும் பேசாமல் நின்றார்கள். நங்கைதான் தீர்ப்பும் சொன்னார்: "துரு செஞ்சதையெல்லாம் எடுத்துப்போடுங்க சாமி. அவரு செஞ்சதை விட்டுருங்க. அதையும் அழிச்சுப்போட்டு அவரு பேருல எதுக்குக் காரு?"

அதற்குப் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே முடிவெடுத்தோம். தரை, பிரேக், வயரிங் புதிது. மட்கார்டு ஒடுக்கு அப்படியே இருக்கிறது. கியர் குமிழ் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பழைய கிரீம் நிறம் அடித்து, இடது கதவை மட்டும் தேய்த்த நிலையிலேயே நிறுத்தி, மேலே நிறமில்லா லாக்கர் பூசினோம். ஓரத்தில் கொஞ்சம் பச்சையும் தெரியும். அந்தப் பச்சையும் அவர் செய்ததுதான்.

வி.ஏ. பதிவு வேண்டாம் என்று என் மகனே சொல்லிவிட்டான். அந்தப் பதிவில் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. நங்கைக்கோ அமாவாசைக்கு அமாவாசை பேரூர் போக வேண்டும். அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி அவர் பெயருக்கு மாற்றி, அபராதமும் கட்டிச் சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. கட்டினோம்.

உங்கள் வீடுகளிலும் அப்பா, அப்பாரு, அப்புச்சி ஓட்டிய மொபெட்டோ, புல்லட்டோ, ஆயில் என்ஜினோ மூலையில் கிடக்கலாம். எழுப்புங்கள், நல்ல காரியம். ஆனால் பெயிண்டைச் சுரண்டும் முன் வீட்டுப் பெரியவர்களை அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். எது கம்பெனி வேலை, எது கைவேலை என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். அந்தக் கைவேலை எதற்காக நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

கேட்டதைக் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்