ஐந்தாவது குறி

ஆறு அங்குல நீளத்தில் ஒரு குச்சி. இரண்டு முனைகள் போக, நடுவே இரண்டே கோடுகள் போடலாம். அதைக் கொண்டு 1 முதல் 6 வரை எல்லா அங்குலத்தையும் ஒரே தடவை வைத்து அளந்துவிட வேண்டும். எங்கே போடுவீர்கள்?

தாளும் பென்சிலுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் விடை வந்துவிடும். ஒரு முனையை 0 என்று வைத்துக்கொண்டால் 1-லும் 4-லும் கோடு. 0, 1, 4, 6. இந்த நான்கு குறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடி. ஆறு ஜோடிக்கும் ஆறு வெவ்வேறு நீளம். எதுவும் விட்டுப்போகவில்லை, எதுவும் இரண்டாம் முறை வரவில்லை.

நான் நில அளவைத் துறையில் செயின் பிடித்துப் பிழைத்தவன். அந்தப் பழைய செயின் 66 அடி, 100 லிங்க்ஸ். பத்து லிங்க்ஸுக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். எந்த இரண்டு வில்லைக்கு நடுவே பார்த்தாலும் அதே பத்து, அதே இருபது. சேற்றிலும் முள்ளிலும் இழுத்து அளக்கிற வேலைக்கு அந்தத் தாராளம் தேவைதான். அதிலேயே காலம் தள்ளியவனுக்கு இந்த ஆறு அங்குலக் குச்சியின் சிக்கனம் கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது.

இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள தூரம் திரும்ப வராதபடி அமைந்த கோலுக்கு, அமெரிக்கக் கணித அறிஞர் சாலமன் கோலம்பின் (1932–2016) பெயரை வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்பே ஹங்கேரியின் சைமன் சிடோன் இதே கணக்கை வேறு உருவில் எழுப்பியிருந்தார். 1953-இல் பாப்காக் என்பவர், ரேடியோ அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து குழப்பாமல் இருக்க எவற்றைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கப்போய் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். விளையாட்டுக் கணக்குதானே என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

சரி, ஐந்து குறி? பத்து ஜோடி கிடைக்கும். பத்து அங்குலக் குச்சியில் 1 முதல் 10 வரை ஒவ்வொன்றும் ஒரே தடவை வர வேண்டும். இதைக் கேட்டால் பிள்ளைகள் தாள் தாளாகப் போட்டுப் பார்ப்பார்கள். வராது. வராது என்பதற்குக் காரணம், விடையைவிட அழகாக இருக்கிறது.

ஐந்து குறிக்கு நான்கு இடைவெளி. நான்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும், கூட்டினால் 10 ஆக வேண்டும். ஆகவே அவை 1, 2, 3, 4 தவிர வேறில்லை. இனி அடுக்க வேண்டியதுதான். 1-ஐ 2-க்குப் பக்கத்தில் வைத்தால் சேர்ந்து 3 ஆகும். 3 ஏற்கெனவே இருக்கிறது. 3-க்குப் பக்கத்தில் வைத்தால் 4 ஆகும், அதுவும் இருக்கிறது. எனவே 1 ஓரத்தில்தான் நிற்க முடியும், பக்கத்தில் 4. அடுத்து 2. அதை 3-க்குப் பக்கத்தில் வைத்தால் 5. ஆனால் 1-ம் 4-ம் சேர்ந்து அந்த 5-ஐ எடுத்துக்கொண்டன. ஆக 2-க்கும் 4-ஐ விட்டால் துணை கிடையாது, அதுவும் ஓரத்துக்குப் போகிறது. 1, 4, 2. இரண்டு ஓரமும் நிரம்பிவிட்டன. 3-க்கு உட்கார இடமில்லை. ஆறு குறி, அறுபது குறி எதற்கும் இதே வழக்காடலாம், இதே தீர்ப்புதான் வரும்.

ஐந்து குறியோடு இருப்பவனுக்கு அதனால் இரண்டே வழி. விட்டுப்போனால் போகட்டும், திரும்ப வரக்கூடாது என்றால் 11 அங்குலக் கோல்: 0, 1, 4, 9, 11. இதில் 6 மட்டும் கிடைக்காது. விட்டுப்போகக் கூடாது, திரும்ப வந்தால் வரட்டும் என்றால் 9 அங்குலக் கோல்: 0, 1, 2, 6, 9. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் உண்டு. 1 மட்டும் இரண்டு தடவை வரும்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு வகை ஆட்களும் உண்டு. ஊரிலேயே இருந்துவிட்ட என் தம்பி ஒரு கல்யாணம், ஒரு சாவு விட்டதில்லை. அதே பஸ், அதே பந்தி, அதே பேச்சு. அக்கா மகள் வேலைக்காக ஊர் ஊராகப் போனவள். வருஷத்துக்கு ஒரு புதுத் தெரு, புது முகங்கள். தன் பெரியப்பாவின் காரியத்துக்கு வர முடியவில்லை. இவனுக்கு அவள் வாழ்க்கை மேல் ஏக்கம், அவளுக்கு இவன் மேல். நாலு குறி இருந்த வயதில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதே, இப்போது ஏன் பொருந்தவில்லை என்று இருவருமே தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. காலம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பத்து அங்குலக் குச்சி கிடைக்காது என்று தெரிந்தவன், மீதி நேரத்தில் 9-ஆ 11-ஆ என்று நிதானமாக யோசிக்கலாம்.

இல்லை என்று தெரிந்துகொள்வது சுலபமான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 24 குறிகளுக்கு 425 நீளமுள்ள கோலை 1967-இலேயே கண்டுவிட்டார்கள். அதைவிடக் குட்டையானது கிடையாது என்று உறுதியாக 2004 ஆயிற்று. 28 குறிக்கு 585 என்பது 2022-இல்தான் உறுதியானது. முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கான பேர் தங்கள் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தை இந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காத அந்த உழைப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை.

என்னைக் கேட்டால் 9 அங்குலக் கோல்தான். என் பேரன் ஒப்புக்கொள்ளவில்லை. வந்ததே வந்தால் சலிப்பு, எனக்கு 11-தான் வேண்டும் என்கிறான். “சரிடா, 6 அங்குலம் அளக்க வேண்டி வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டேன்.

“அதுக்கென்ன தாத்தா, மூணு அங்குலத்தை ரெண்டு தடவை வெச்சு அளந்துக்கறேன்.”