99 கிலோ போதும்

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொல்ல நம் ஊரில் ஓர் ஆணுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். 53 வயது வரை அவர் அதைச் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால், “சைக்கிள்தான் உடம்புக்கு நல்லது” என்பார். கும்பகோணத்தில் வீடு, நாலு தெரு தள்ளி வேலை பார்க்கும் ஜவுளிக்கடை. சைக்கிளே போதுமானதாக இருந்தது.

மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழும் வரைதான்.

மாமியார் இருப்பது கபிஸ்தலம் பக்கத்துக் கிராமம். மனைவி தினமும் மத்தியானம் பஸ் ஏறிப்போய், அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு ராத்திரி திரும்புவார். அவருக்கே முழங்கால் வலி. ஒருநாள் பஸ் வரவில்லை. இருட்டில் ஒன்றரை மணி நேரம் ஒற்றை ஆளாக நின்றிருக்கிறார். இந்தப் பக்கம் பேருந்து நிலையத்தில் சைக்கிளைப் பிடித்தபடி இவர். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்கு விஷயம் போனது. “அப்பா, வாங்கறதே வாங்கறீங்க, கெத்தா ஒண்ணு வாங்குங்க. பணம் நான் தர்றேன்” என்றான். அவன் காட்டியது 350 சிசி வண்டி. ஷோரூமில் ஏறி உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டை எடுத்தார். வண்டி லேசாக இடது பக்கம் சாய்ந்தது. 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால், பழகாத கை அதைத் தாங்காது. இரண்டு பையன்கள் ஓடிவந்து பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து, “கலர் பிடிக்கலை” என்று சொல்லிவிட்டார்.

கடைக்கு எதிரே இருக்கும் மெக்கானிக்குக்கு மட்டும் உண்மை தெரியும்.

“அண்ணே, ஓட்டிப் பார்க்கறது அப்புறம். முதல்ல தள்ளிப் பாருங்க” என்று ஒரு பழைய ஸ்ப்ளெண்டரைக் கையில் கொடுத்தார். இன்ஜினை அணைத்துவிட்டுச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய், திருப்பிக்கொண்டு வர வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். வண்டி பழகுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேகத்தில் அல்ல. நிறுத்தும்போதும், திருப்பும்போதும், மேட்டில் கால் ஊன்றும்போதும்தான். வாங்கும்போது மைலேஜ் கேட்கிறவர்கள் அதிகம், சீட் உயரம் கேட்கிறவர்கள் குறைவு.

ஸ்கூட்டர் யோசனையும் வந்தது. பழகச் சுலபம், சந்தேகமில்லை. ஆனால் கிராமத்துச் சாலைப் பள்ளத்துக்குச் சின்னச் சக்கரம் தூக்கிப்போடும், மனைவியின் முழங்காலுக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்.

கடைசியில் வண்டியைத் தேர்ந்தெடுத்தது மனைவிதான். ஷோரூமில் வரிசையாக ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் ஏறிப் பார்த்தார். ஸ்டைலான வண்டிகளில் பின் சீட் தூக்கலாக இருந்தது. புடவையோடு ஒரு பக்கமாக ஏற முடியவில்லை. ஹோண்டா ஷைன் 100-ல் நீளமான ஒரே சீட். “ஏங்க, இதுல ஏற முடியுது” என்றார். எடை 99 கிலோ, சீட் உயரம் 786 மில்லிமீட்டர். அவருக்குப் பாதம் பதிந்தது. சேலை கார்டு இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார் மனைவி.

போனில் மகன், “நூறு சிசியா?” என்று இழுத்தான். “உங்க அம்மா ஏறணும்ல” என்றார். அதற்கு மேல் அவன் பேசவில்லை.

எல்.எல்.ஆர். எடுத்து, காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் பழகினார். அத்தனை வருட சைக்கிள், பேலன்ஸுக்கு உதவியது; கைக்குத் தொல்லை கொடுத்தது. சைக்கிளில் இடது கைப்பிடியை அழுத்தினால் பிரேக், இதில் கிளட்ச். நாய் குறுக்கே வந்தபோது கிளட்சைப் பிடித்துக்கொண்டு ‘ஏன் நிற்கவில்லை’ என்று திகைத்திருக்கிறார். நல்லவேளை, நாய் நகர்ந்துவிட்டது. வலது கால் தானாகப் பிரேக்கைத் தேட மூன்று வாரம் ஆனது. 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போட்டார். காலை ஊன்றியதால் முதல் முறை போயிற்று. இரண்டாவது முறை கிடைத்தது.

லைசென்ஸ் வந்த மறுநாள், கடையில் சீக்கிரமே சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மல்லிகைப் பூ நசுங்குகிறது என்றாலும் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சுவாமிமலை தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி அணைந்துபோனது. பின்னால் பஸ்காரர் ஹாரனை அடித்தார். இவருக்குக் கை நடுங்கியது. மனைவி மெதுவாக இறங்கி, பஸ்ஸைப் பார்த்து ‘இருங்க’ என்று கை காட்டினார். “அவசரமில்லீங்க, நிதானமா ஸ்டார்ட் பண்ணுங்க.”

நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பட்டனை அழுத்தி, முதல் கியர் போட்டார். கிராமத்தில் வாசலில் வண்டி நின்றதும் உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“யாரு வண்டி அது?”

“நம்ம வண்டிதாம்மா” என்றார் மனைவி.